பெயரில் சாணி, உள்ளே சாயம்: நஞ்சில்லாத வீட்டுப் பொருள்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர்ப் பக்கம் வாசல் தெளிக்க விற்கப்பட்டு வந்த சாணிப் பவுடரில் மாட்டுச் சாணி துளியும் கிடையாது. மஞ்சளாக இருப்பது ஆரமைன், பச்சையாக இருப்பது மாலகைட் கிரீன். இரண்டும் சாயப்பொருள்கள், வயிற்றுக்குள் போனால் உயிரை எடுப்பவை. நகரத்தில் மாடு இல்லை, சாணியும் இல்லை, ஆனாலும் வாசல் மட்டும் பச்சையாக இருக்க வேண்டும் என்ற ஆசைக்குக் கடை கொடுத்த பதில் அது.

குடும்பத்துக்குக் கெடுதல் செய்யாத பொருளாக வாங்க வேண்டும் என்று முதன்முதலில் நினைப்பவர்கள் நேராகப் போய் நிற்பது 'இயற்கை', 'மூலிகை', 'கெமிக்கல் இல்லை' என்று அச்சடித்த அலமாரி முன்னால்தான். இந்தச் சொற்கள் உண்மையாகவே இருந்தாலும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்லும். உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று சொல்லாது. அரளி விதையும் எட்டிக்காயும் நூற்றுக்கு நூறு இயற்கைதான். ஆகவே புதிதாகப் பழகுவோருக்கு என் யோசனை: சொல்லை விட்டுவிடுங்கள். பொருளில் என்ன இருக்கிறது, அது வீட்டில் யாரிடம் எந்த வழியாகப் போய்ச் சேரும் என்று பாருங்கள்.

முதல் வேலை: இருப்பதை வெளியே எடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, வீட்டில் உள்ளதை எல்லாம் அதன்மேல் எடுத்து வையுங்கள். சிங்க்குக்குக் கீழே, குளியலறை ஜன்னல் திண்டு, பரண், பூஜை அலமாரி, பீரோவின் அடித்தட்டு எதையும் விட வேண்டாம். துடைப்பது, தேய்ப்பது, தெளிப்பது, புகைப்பது, பூசுவது அனைத்தும் வெளியே வரட்டும். ஒரே வேலைக்கு மூன்று பாட்டில் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். பாதிப் பொருளை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது, நிறுத்தினால் போதும்.

இந்தக் குவியலில் லேபிள் இல்லாத பாட்டில்களை முதலில் ஒதுக்குங்கள். சைக்கிளில் கொண்டுவந்து தெருவில் விற்கும் ஃபினாயில், ஆசிட், வாங்கிய தின்னரில் மிச்சம் எல்லாம் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோதான் இருக்கும். இதைவிட ஆபத்தான பொருள் வீட்டில் வேறில்லை. தண்ணீர் கலந்த வெள்ளை ஃபினாயில் இரண்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்குப் பால்தான். சில்லறை ஆசிட் விற்பனைக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. அதன் பிறகும் பெயரில்லாத பாட்டிலில் அது வீட்டு வாசலுக்கே வருகிறது என்றால், வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது நம் கையில்தான் இருக்கிறது.

எலி பேஸ்ட் இருந்தால் அதையும் ஒதுக்குங்கள். அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். கல்லீரலைச் செயலிழக்க வைக்கும். முறிக்கும் மருந்து கிடையாது. குழந்தை இருக்கிற வீட்டில் எலிக்கு எலிப்பொறியே போதும்.

இரண்டாவது: எதை முதலில் மாற்றுவது

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் போனால் பணமும் போகும், ஆர்வமும் போகும். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதை மூச்சில் இழுக்கிறோமா? குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டுமா? உடம்பில் பூசி மணிக்கணக்கில் விட்டு வைக்கிறோமா? மூன்றில் எதற்காவது 'ஆம்' என்றால் அது முதல் வரிசை. கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே, பாச்சை உருண்டை, முகத்துக் கிரீம், ஹேர் டை எல்லாம் இங்கே வரும். உடனே கழுவி ஊற்றுகிற பாத்திர சோப்பும் துணி சோப்பும் கடைசி வரிசை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதிக விலை கொடுத்துப் பூந்திக்கொட்டைத் திரவம் வாங்கிப் பாத்திரம் கழுவுவார்கள். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி ஏற்றுவார்கள்.

மூன்றாவது: லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் தகவல். என்னென்ன பொருள் கலந்தது, தயாரிப்பாளரின் முழு முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி. இவை இல்லாத டப்பாவை, விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாங்காதீர்கள். வீட்டில் செய்து வாட்ஸ்அப்பில் விற்பவர்களுக்கும் இதே விதிதான். அழகுசாதனப் பொருளுக்கும் சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண். ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் உணவில் 'ஜைவிக் பாரத்' முத்திரையைத் தேடுங்கள்.

பச்சை நிறத்திடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். சோப்பு, பற்பசை மேல் இருக்கும் பச்சைப் புள்ளி அதில் விலங்குக் கொழுப்பு சேரவில்லை என்பதைத்தான் சொல்கிறது. தோலுக்கு நல்லதா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூச்சிக்கொல்லி டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் அளவைக் காட்டுவது. சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அங்கே பச்சை இருந்தால் நஞ்சு குறைவு என்று பொருள். நஞ்சே இல்லை என்று எடுத்துக்கொண்டு விடாதீர்கள்.

குளியல் சோப்புக்கு டி.எஃப்.எம். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புச் சத்தின் விழுக்காடு அது. 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம். 'பேத்திங் பார்' என்று எழுதியவற்றில் இது 40 வரைகூடக் குறையலாம், தோல் வறளும். சந்தனமும் வேம்பும் படமாக அச்சிட்டிருப்பதைவிட இந்த ஓர் எண் அதிகம் சொல்லும். நறுமணம் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பல வேதிப்பொருள்கள் இருக்கலாம். ஆஸ்துமாவோ தோல் அரிப்போ உள்ள வீட்டில் வாசனை சேர்க்காததையே வாங்குங்கள்.

நான்காவது: துடைப்பதும் கழுவுவதும்

இங்கே ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்: ஆசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. டாய்லெட் கிளீனரில் சுமார் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கடையில் வாங்கும் பிளீச்சிங் பவுடர் அதன் பங்காளி. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வினிகரும் எலுமிச்சையும் அமிலம்தான் என்பதால், 'இயற்கையானது' என்று நம்பி அவற்றைப் பிளீச்சோடு கலந்தாலும் இதே கதைதான்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து எல்லாவற்றையும் கழுவலாம் என்று ஒரு வைத்தியம் ஊரெல்லாம் சுற்றுகிறது. கண் முன்னால் நுரைக்கிறது, உண்மை. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்ட பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கும் ஃபிரிட்ஜ் நாற்றத்துக்கும் சமையல் சோடா. உப்புக் கறைக்கு அமிலம்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளைக் கறைக்கு மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டு வாங்கும் சிட்ரிக் அமிலம் நன்றாக வேலை செய்யும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுத் தேய்த்தால் போதும். கடப்பாக்கல், மார்பிள், மொசைக் தரையில் மட்டும் இதை வைக்காதீர்கள். அமிலம் பட்டால் பளபளப்பு அரிக்கப்பட்டுவிடும். பித்தளை விளக்குக்குப் புளியும் சாம்பலும் இருக்கும்போது வேறெதுவும் தேவையில்லை.

பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நல்ல பொருள்கள். பட்டுப்புடவைக்கும் தலைக்கும் பாட்டிகள் பயன்படுத்தியது காரணமில்லாமல் இல்லை. அவற்றில் உள்ள சபோனின் மெதுவாக அழுக்கெடுக்கும். ஆனால் கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும், காய்ச்சிய சாறு சீக்கிரம் கெட்டுப்போகும். தேவையானதை மட்டும் ஊறவைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் கெடாத பூந்திக்கொட்டைத் திரவம் என்றால் உள்ளே கெடாமல் காக்கும் பொருள் கலந்திருக்கும். அது குற்றமில்லை, லேபிளில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பழத்தோல் பயோ என்சைம் இப்போது பிரபலம். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் ஊறணும். வாயு சேருவதால் முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து மூடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டவே வேண்டாம். தரை துடைக்க, வாஷ்பேசின் நாற்றம் போக்க நன்றாக இருக்கும். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் அதை நம்பாதீர்கள். அந்த நேரத்துக்குப் பிளீச்தான். 5 விழுக்காடு உள்ள பிளீச் என்றால் கதவுப் பிடி, மேசை போன்றவற்றுக்கு ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர்; வாந்தி சிந்திய இடத்தைத் துடைத்தெடுத்த பிறகு ஒரு பங்குக்கு 9 பங்கு. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்க்கணும். மற்ற நாளில் தரைக்குக் கிருமிநாசினி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஐந்தாவது: கொசு

இதுதான் நம் ஊர் வீடுகளின் பெரிய வேதிப்பொருள் கணக்கு. ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாத்திய அறையில் குழந்தையின் தலைமாட்டில் ஏற்றுகிற பொருள் இது. 'மூலிகைக் கொசு ஊதுபத்தி' அதைவிடச் சந்தேகத்துக்குரியது. வேம்பு, நொச்சி, துளசி என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே பதிவு செய்யப்படாத மெபர்ஃப்ளூத்ரின் போன்ற பூச்சிக்கொல்லியைக் கலந்து விற்பது பல முறை வெளிவந்திருக்கிறது. ஒரு குச்சியில் கொசு சட்டென்று சுருண்டு விழுந்தால் அது வேப்பிலையின் திறமை என்று நம்பிவிடாதீர்கள். பூச்சியைக் கொல்லும் எந்தப் பொருளுக்கும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எண் இல்லையா, கீழே வைத்துவிடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தண்ணீர்: டிரம், தொட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்புறச் சுவரைத் தேய்த்துக் காயவிடணும். டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்து ஜன்னல் வலை. அதற்கடுத்துப் படுக்கைக்கு மேல் கொசுவலை. நஞ்சில்லாத கொசு விரட்டி என்றால் அதுதான், விலையும் ஒருமுறைதான். இத்தனைக்குப் பிறகும் தேவைப்பட்டால் பதிவு எண் உள்ள திரவ வேப்பரைசர். தூங்கப் போகும் முன் ஓடவிட்டு, படுக்கும்போது அணைத்து, ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். தெருவில் டெங்கு இருக்கும் காலத்தில் 'கெமிக்கலே வேண்டாம்' என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பகலில் கடிக்கும் கொசுவுக்கு, இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு டீட் என்ற கொசு விரட்டும் வேதிப்பொருள் உள்ள கிரீமை லேபிளில் சொன்ன அளவில் தடவலாம். சிட்ரோனெல்லா எண்ணெய் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயிலிருந்து எடுக்கும் பி.எம்.டி. மூன்று வயதுக்குக் கீழே கூடாது.

சாம்பிராணியும் புகைதான். கம்ப்யூட்டர் சாம்பிராணியோ, தணலில் போடும் கட்டிச் சாம்பிராணியோ, குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குப் புகை காட்டுவதைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். துண்டால் துவட்டினாலே தலை காயும்.

பீரோவில் போடும் பாச்சை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2008-இல் தடை செய்துவிட்டது. ஜி6பி.டி. என்ற என்சைம் குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைக்கு, அந்த உருண்டையோடு வைத்திருந்த துணியைச் சுற்றினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும். குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரியாமல் இருக்கலாம். துணியை வெயிலில் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையோடு அடுக்குங்கள். பரணில் இருந்த பழைய பட்டுத்துணியைப் பிள்ளைக்குச் சுற்றும் முன் துவைத்துக் காயப்போடுங்கள்.

ஆறாவது: பூசுவது

ஹேர் டையில் ஏமாற்று அதிகம். மருதாணி மட்டும் போட்டால் முடி செம்பழுப்பாகும், கறுக்காது. மேலே அவுரிப் பொடி போட்டு மணிக்கணக்கில் காத்திருந்தால் கறுக்கும். 'மூலிகை ஹென்னா, பத்து நிமிடத்தில் கருமை' என்றால் உள்ளே பாரா ஃபீனைலின் டையமைன் என்ற செயற்கைச் சாயப்பொருள் இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வாமை உள்ளவருக்கு முகம் வீங்கிவிடும். எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகு தலையில் வையுங்கள்.

ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும் கிரீமில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023-இல் செய்தியானது. தோல் வழியாகப் போன பாதரசத்தின் வேலை அது. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் தோல் வெளுத்தால் பொட்டின் பசை காரணமாக இருக்கலாம். பொட்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். குங்குமத்திலும் மஞ்சள், படிகாரம், வெண்காரம், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் செய்தது ஒன்று, சாயம் கலந்த மாவு இன்னொன்று. நெற்றியில் அரிப்போ கருமையோ வந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கு

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். ஆனால் அதில் உள்ள, எலிகளில் புற்றுநோயை உண்டாக்கிய பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக, அமெரிக்காவில் அதை உணவில் சேர்ப்பதை 1968-லேயே தடை செய்தார்கள். கையில் கட்டும் வசம்பு வளையலைக் குழந்தை நாளெல்லாம் சப்பும் என்பதை யோசியுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. சேனை வைக்கும்போது நாக்கில் தொட்டு வைப்பதும் இதில் சேர்த்தி. அதன் மூலம் தசைகளை முடக்கும் போட்டுலிசம் என்ற நோய் வரக்கூடும். கண்ணுக்கு இடும் சுர்மாவிலும் கடை மையிலும் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகலாம். பவுடர் கொட்டினால் மூச்சில் ஏறும். நலங்கு மாவையும் குழைத்துத்தான் தொட வேண்டும்.

பெரியவர்களிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பது தனிப் பிரச்சினை. நீங்கள் சொன்னால் சண்டை வரும். தடுப்பூசிக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போய், டாக்டரை விட்டே சொல்லச் சொல்லுங்கள்.

மூலிகை மருந்து வாங்கும்போது

சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. அப்படி விளம்பரம் பார்த்தால் பொருளை ஆராய வேண்டிய அவசியமே இல்லை. விற்பவர் சட்டத்தை மதிக்காதவர் என்பது தெரிந்துவிட்டது. மூட்டுவலி இரண்டே நாளில் பறந்துபோனால் பொடிக்குள் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். சித்த மருந்து வேண்டுமென்றால் தமிழக அரசின் மருந்து நிறுவனமான டாம்ப்கால், திருவான்மியூரில் உள்ள இம்ப்காப்ஸ் கூட்டுறவு போன்ற உரிமம் உள்ள இடங்களில் வாங்கலாம். பற்பமும் செந்தூரமும் உலோகம் சேர்ந்தவை. பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டு மருத்துவரிடமும் இரண்டையும் சொல்லணும்.

பாத்திரம் பற்றிச் சுருக்கமாக: இரும்புக் கல், எவர்சில்வர், மண்சட்டி இருந்தால் கவலை இல்லை. நான்ஸ்டிக்கை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காமல் தூக்கு கொண்டுபோங்கள். ரசத்துக்கு ஈயச்சொம்பு ஆசையா? அது வெள்ளீயம். காரீயம் கலந்து விலை குறைத்து விற்பவர்களும் உண்டு. நம்பிக்கையான கடை தெரியாவிட்டால் ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.

வைக்கும் இடம், அவசரம், அகற்றுவது

வாங்கிய பாட்டிலிலேயே வைத்து, தலைக்கு மேல் உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். பூஜைக் கற்பூரமும் நீலகிரித் தைலமும் அந்த அலமாரிக்குள்தான் போக வேண்டும். சின்னக் குழந்தை ஒரு கற்பூர வில்லையை விழுங்கினாலே வலிப்பு வரலாம், தைலமும் அப்படித்தான்.

குழந்தை எதையாவது குடித்துவிட்டால் உப்புக்கரைசல், புளிக்கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். ஆசிட் போன வழியே திரும்பி வந்து இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெய், ஃபினாயில் என்றால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 108-ஐ அழையுங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் பதில் சொல்லும். குடித்த பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணில் பட்டால் குழாயைத் திறந்து கால் மணி நேரம் விடாமல் கழுவிய பிறகுதான் மற்றது.

ஒதுக்கி வைத்த பாட்டில்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் டாய்லெட்டில் ஒரேயடியாகக் கொட்டினால் மேலே சொன்ன குளோரின் அங்கேயே கிளம்பும். எதையும் எதோடும் கலக்காமல், மூடியை இறுக்கி, தெரிந்தால் உள்ளே இருப்பதன் பெயரை, தெரியாவிட்டால் 'விஷம்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். திடக்கழிவு விதிகளின்படி இவை தனியாகப் பிரிக்க வேண்டிய வீட்டு அபாயக் கழிவு. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் சேராது. தனிப் பையில் போட்டு, காலையில் வரும் தூய்மைப் பணியாளர் கையில் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிக் கொடுங்கள். அவர் அதை வெறுங்கையால்தான் பிரிப்பார்.